வளைவில் கிடந்த கல்

மலைப்பாதையில் இருபது வருஷம் லாரி ஓட்டியவனுக்குத் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை எந்த வளைவில் எந்த கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் மலை மேல் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த அமெரிக்க டாக்டரம்மாவுக்கு நம் ரோட்டைப் பழக்கிவிட ஆள் வேண்டும் என்றபோது, பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் மலைச்சாமி பெயரைச் சொன்னார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நானே போய் நின்றிருப்பேன்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம். டாக்டரம்மாவின் பெயர் மார்த்தா. நாற்பது வயது இருக்கும். நெட்டை உருவம், வெயில் பட்டால் தக்காளிபோல் சிவந்துவிடும் முகம். அவர் பிறந்த ஊரில் மலையே கிடையாதாம். ரோடு வகிடு எடுத்ததுபோல் நேராகப் போகுமாம். அதிலும் அங்கே எல்லோரும் வலது பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆஸ்பத்திரி ஜீப்போ யுத்தத்தில் மிஞ்சியது, ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. முதல் நாள் கேட்டைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் வலது பக்கம் ஏறி, எதிரே வந்த விறகு வண்டியின் மாட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். மாடு அவரைப் பார்த்தது, அவர் மாட்டைப் பார்த்தார்.

"மன்னிக்கவும்" என்று மாட்டுக்காரனிடம் சொன்னார். தமிழை வாத்தியார் வைத்துக் கற்றவர். புத்தகத்தில் உள்ளபடியே பேசுவார். மாட்டுக்காரன் அரண்டுபோய் என்னைப் பார்த்தான்.

லோடு இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் பாடம் நடந்தது. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிற லாரிக்காரனைப் பார்த்தால் அவனுக்கு மலைப் பக்கத்தை விட்டுவிட வேண்டும். பஸ்காரன் ஒதுங்க மாட்டான், அவனிடம் நியாயம் பேசக் கூடாது. இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்.

"இவை எந்தச் சட்டத்தில் உள்ளன, மலைச்சாமி?" என்று ஒருநாள் கேட்டார்.

"சட்டமெல்லாம் சப்-இன்ஸ்பெக்டருக்கும்மா. ஓட்டுறவுக சோலி வேற."

அதற்கும் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாயிலிருந்து வந்ததை அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. கல் விஷயம்.

ஏற்றத்தில் லாரி சூடேறி நின்றால் கை பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுப்போம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, பீடி குடித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். கல் நடுரோட்டில் அங்கேயே கிடக்கும். இறங்கி வந்து அதை ஓரமாகப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போவதுபோல்தான் அதுவும். அடுத்து வருகிறவன் ஸ்டியரிங்கை ஒடித்துப் போவான். அவனும் மேலே போய் ஒரு கல்லை விட்டுவிட்டு வருவான்.

டாக்டரம்மா மட்டும் ஒவ்வொரு கல்லுக்கும் ஜீப்பை நிறுத்தினார். இறங்கிப் போய் இரண்டு கையாலும் உருட்டி ஓரத்தில் விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வருவார்.

"இந்தக் கல்லை இங்கே வைத்தது யார்?"

"எவனாச்சும் லாரிக்காரனா இருக்கும்மா."

"அவர் ஏன் எடுக்கவில்லை?"

"எடுத்தா வண்டி பின்னால உருண்டிருமே."

"வண்டி புறப்பட்ட பிறகு?"

"பெறப்பட்ட பெறகு அவன் போயிட்டானேம்மா!"

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஊத்து கிராமத்துக்கு மேலே அப்படி ஒரு கல்லுக்கு இறங்கியபோது, பின்னால் வந்த பஸ் ஜீப்பை உரசுவதுபோல் வந்து நின்றது. பஸ் டிரைவர் என்னைப் பார்த்து, என் குடும்பத்தையும் சேர்த்து, நாலு வார்த்தை சொன்னான். எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா திரும்பி ஏறியதும் கோபமாகவே சொல்லிவிட்டேன்.

"இந்தா பாருங்கம்மா. கல்லு கெடந்தா எறங்காதீக. ஒடிச்சுட்டுப் போயிருங்க. வளைவுல நிப்பாட்டுனா பின்னால வாரவன் ஒங்கள அமுக்கிட்டுப் போயிருவான். இந்த ஊருல இதுதான் பழக்கம்."

அவர் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். அடுத்து வந்த கல்லை வேகம் குறையாமல், ஹார்ன் அடித்து, அழகாக ஒடித்துக் கடந்தார். நான் கை தட்டினேன்.

"இப்பத்தான் நீங்க நம்ம ஊரு டிரைவர்!"

பரீட்சையில் தேறிய பிள்ளைபோல அவர் முகம் மலர்ந்தது. அத்தோடு பாடத்தை முடித்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அரிசி லோடு ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். கிளீனர் மணியன் தன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே, சுனைத் தண்ணீர் ஒழுகுகிற வளைவில் என்ஜின் கொதித்துவிட்டது. நிறுத்தினேன். இடிந்து கிடந்த கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து வந்து பின் சக்கரத்துக்கு வைத்தேன். பெரிய கல், ஒரு முகத்தில் சுண்ணாம்பு வெள்ளை அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, வண்டியை எடுத்தேன். கல்லை நினைக்கக்கூட இல்லை. அப்போது மணி இரண்டு.

கொடைக்கானலில் மூட்டைகளை இறக்கிவிட்டு நாலரை மணிக்குத் திரும்பினேன். மூடுபனி ரோட்டின் மேல் படுத்துக் கிடந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து இறங்கினேன். சுனை வளைவில் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. ஆஸ்பத்திரி ஜீப் மலையை நோக்கி ஏறிய நிலையில், வலது ஓரத்துச் சுவரில் மூக்கை இடித்து நின்றது. ரோட்டில் விறகுச் சுள்ளிகள் சிதறியிருந்தன. டாக்டரம்மா மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு பெண்ணின் காலை இரண்டு விறகுக்கு நடுவே வைத்துத் தன் மேல்துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவள் இருளாயி. பெருமாள்மலைக்காரி, புருஷன் இல்லாதவள், விறகுக் கட்டு சுமந்து பிழைக்கிறவள். தினமும் அந்த ரோட்டில் பார்க்கிற முகம். அவளுடைய அண்ணன் வேலுமணி டாக்டரம்மாவின் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"ரோடு தெரியாதவளுக்கு எதுக்கு வண்டி? வந்த எடத்துல எங்க ஆளு மேலயா ஏத்துவ?"

அவன் கையில் ஒரு விறகுக் கட்டை இருந்தது.

நான் இறங்கி ஓடினேன். ஓடும்போதே அதைப் பார்த்துவிட்டேன். ஜீப்புக்குப் பின்னால், இடது சக்கரம் போகிற இடத்தில், சுண்ணாம்பு பூசிய முகம் மேலே தெரிய, என் கல். இரண்டரை மணி நேரத்தில் எத்தனை பஸ், எத்தனை லாரி அதை ஒடித்துப் போயிருக்குமோ. டாக்டரம்மாவும் ஒடித்திருக்கிறார், நான் சொல்லிக் கொடுத்ததுபோல, நிற்காமல், இறங்காமல். வலது ஓரத்தில் கட்டோடு இறங்கி வந்தவள் பனியில் தெரியவில்லை.

கை கால் தன்பாட்டுக்கு வேலை செய்தது. வேலுமணியின் கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். "ஏலே, அடிக்கிறத அப்பறம் அடிக்கலாம். மொதல்ல இவள ஆசுபத்திரிக்குத் தூக்கு!" என்று அதட்டினேன். என் லாரி கீழ் நோக்கி நின்றது, ஆஸ்பத்திரியோ மேலே. அந்த வளைவில் லாரியைத் திருப்ப என்னைத் தவிர யாராலும் முடிந்திருக்காது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. திருப்புவதற்கு இடம் வேண்டும் என்ற சாக்கில், "வழிய விடுங்க, வழிய விடுங்க" என்று கத்திக்கொண்டே போய், அந்தக் கல்லைக் காலால் நெம்பி, சுவர் இடிந்திருந்த இடம் வழியாகப் பள்ளத்தில் உருட்டிவிட்டேன். அது விழுந்து விழுந்து போகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் கிடக்கிற கல்லை யார் கவனிப்பார்கள்?

ஆஸ்பத்திரி வாசலில் வேலுமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க மட்டும் வரலேன்னா என் தங்கச்சி செத்திருப்பாண்ணே." பஸ் ஸ்டாண்டிலும் அதுதான் பேச்சு. மலைச்சாமி என்னமாய் லாரியைத் திருப்பினான் பார்த்தீர்களா என்று டீக்கடையில் கிளாஸை வைத்துத் திருப்பிக் காட்டினார்கள். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். "ரோட்டுல கல்லு கெடந்துச்சு, அதுக்காகத்தான் ஒடிச்சேன்னு அந்த அம்மா எழுதிக் குடுத்திருக்கு. நாங்க போய்ப் பாத்தோம், ஒரு கல்லும் இல்ல. அடிபட்ட எடத்துக்கு மொதல்ல வந்த பெரிய வண்டி ஒன்னோடது. நீ பாத்தியா?"

முதலாளி போன மாதம்தான், இன்னொரு புகார் வந்தால் வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தார். வீட்டில் சோலையம்மாளும் மூன்று பெண்களும். லாரியை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்த நிமிஷம் நான் இதில் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

"பாக்கலீங்க."

ஜீப்பை ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டாக்டரம்மா மேல் கேஸ் எழுதினார்கள்.

மறுநாள் இருளாயியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தாலும் சந்தேகம், போனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வராந்தாவில் டாக்டரம்மா என்னை நிறுத்தினார். கண்ணெல்லாம் குழிந்திருந்தது.

"மலைச்சாமி, நீங்கள் என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு கல் இருந்தது அல்லவா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் கோபமாவது பட்டிருப்பார். நான் அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னேன்.

"பனியில எனக்கும் சரியாத் தெரியலம்மா. பனிக்குள்ள அப்பப்ப இல்லாததெல்லாம் இருக்குறாப்புல தெரியும். புதுசா ஓட்டுறவுகளுக்கு அது சகஜம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வாத்தியார் அல்லவா? நான் சொன்ன எல்லாவற்றையும் நோட்டில் எழுதியவர். இதையும் நம்பிவிட்டார். அவர் முகத்தில் அது இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா ஆபரேஷன் கத்தியைத் தொடவில்லை. நர்ஸ் சண்முகசுந்தரிதான் எனக்குச் சொன்னாள். காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களைப் பார்ப்பாராம், மருந்து எழுதுவாராம். ஆபரேஷன் என்றால் மதுரைக்குப் போகச் சொல்லிவிடுவாராம். "இல்லாத கல்லைக் கண்டவள் கையில் கத்தி எடுக்கக் கூடாது" என்றாராம். அந்த மலையில் அறுத்து வைத்தியம் பார்க்க வேறு ஆள் கிடையாது. கேஸ் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நர்ஸிடம் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. கோர்ட்டில் கேஸ் வியாழக்கிழமை. எனக்கும் சாட்சி சம்மன் வந்திருந்தது. ஆரஞ்சுப் பழம் நாலு வாங்கிக்கொண்டு இருளாயியைப் பார்க்கப் போனேன். காலில் மாவுக்கட்டு. இனி சுமை தூக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அவள் பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நீங்க பயப்படாதீக. நான் யாருகிட்டயும் சொல்லல."

"எத?"

"கல்ல உருட்டிவிட்டீகள்ல. நான் கெடந்த எடத்துல இருந்து பாத்தேன். கண்ணு முழிச்சுத்தான இருந்தேன்."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"போலீசு வந்து கல்லு இருந்துச்சான்னு கேட்டாக. மயக்கமாக் கெடந்தேன்னு சொல்லிட்டேன். நீங்க தூக்கிட்டு வரலேன்னா நான் அங்கனயே போய்ச் சேந்திருப்பேன். ஒங்களப் போயி காட்டிக் குடுப்பனா? அந்தம்மா வெள்ளக்காரவுக, அவுகள என்ன பண்ணிரப் போறாக. ஊருக்கு அனுப்புவாக, அம்புட்டுத்தான்." மடியில் இருந்த பழத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா பாவந்தாண்ணே. ராவெல்லாம் இங்கன வந்து ஒக்காந்து, என் கால்ல கைய வச்சிக்கிட்டே இருக்காக."

கால் போனவள் என்னைக் காப்பாற்றுகிறாள். நான் வைத்த கல், நான் சொன்ன பாடம், நான் சொன்ன பொய் மூன்றையும் இவள் ஒருத்தி மூடி வைத்திருக்கிறாள், அதுவும் நன்றி என்று நினைத்துக்கொண்டு. வெட்கத்தில் எனக்கு உடம்பு எரிந்தது.

"நீ சொல்ல வேணாம் இருளாயி. நானே சொல்லிருதேன்" என்றேன்.

வராந்தாவைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். டாக்டரம்மாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் மேஜையில் குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்திருந்தால் போதும். ஆனால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் லோடு பேசியிருந்தது. எப்படியும் லைசென்ஸ் போகப் போகிறது, இந்த இரண்டு நாளாவது ஓட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. வியாழக்கிழமை கோர்ட்டில், எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் ஆம்பிளைத்தனம் என்று ஒரு காரணமும் கிடைத்தது. சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்தேன்.

இரண்டு நாளும் ஓட்டினேன். ஒவ்வொரு தடவை நிறுத்திய இடத்திலும் திரும்பி நடந்து போய்க் கல்லை எடுத்து ஓரம் போட்டேன். மணியன், "என்னண்ணே, வேண்டுதலா?" என்று கேலி செய்தான்.

வியாழக்கிழமை கூண்டில் ஏறினேன். கல் இருந்ததா என்று கேட்டார்கள்.

"இருந்துச்சுங்க. நான் வச்ச கல்லு. நான்தான் பள்ளத்துல உருட்டிவிட்டேன். ஒடிச்சுப் போகணும்னு அவுகளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

கோர்ட்டில் ஒரே சலசலப்பு. வேலுமணி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் என்னை அறைந்துவிடுவதுபோல் பார்த்தார். மாஜிஸ்திரேட் இரண்டு முறை திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். டாக்டரம்மாவைப் போகச் சொன்னார்கள். என் மேல் புதிதாகக் கேஸ், லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதிலெல்லாம் வருத்தமே இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது. வெளியே வந்து நின்று, நல்ல காற்றாக நாலு மூச்சு வாங்கினேன்.

டாக்டரம்மா என்னை நோக்கி வந்தார். திட்டட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை.

"எவ்வளவு பெரிய கல்?"

கையை அகட்டிக் காட்டினேன்.

"ஒரு பக்கம் வெள்ளையாக இருந்ததா?"

"ஆமாம்மா. சுண்ணாம்பு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கோர்ட் படியில், எல்லோரும் போய்வருகிற இடத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அழட்டும், அழுது முடித்தால் பழையபடி ஆகிவிடுவார் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்கம்மா. இனிமே ஆபரேஷன் பண்ணுவீகள்ல?"

"செய்வேன்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிளாவரையிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிலோடு சுமந்து வந்தார்கள். முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. நான் கை கழுவினேன், கத்தியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். இல்லாததைக் காண்கிற கண் இது என்று எனக்குப் பயம். மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். ஜீப் போலீஸிடம் இருந்தது. பஸ்ஸில் ஏற்றி, சண்முகசுந்தரியைத் துணைக்கு அனுப்பினேன்."

"மதுரை போய்ச் சேந்துட்டாகளாம்மா?"

"இல்லை. டம்டம் பாறை வரைக்கும்தான் உயிர் இருந்தது."

கோர்ட் வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"தவறு என்னுடையதுதான், மலைச்சாமி. மருத்துவர் நான்" என்றார் டாக்டரம்மா. "அவள் பெயர் காளியாயி. பத்தொன்பது வயது."

"என்னைக்கும்மா?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை" என்றார். "காலையில்."